கௌபாய்த் தோட்டாவும் இலேசான உதையும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் நடைபெறும் கௌபாய் பாணித் துப்பாக்கிச் சுடும் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. போட்டியாளர்களில் பெரும்பாலோர் சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கியெடுத்து, வீட்டிலேயே மறுபடி மருந்திட்டு, உதை (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னே தள்ளும் வேகம்) குறைந்த தோட்டாக்களைத் தயாரித்துக்கொள்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடையில் தோட்டா விற்கும்போது எதற்காகக் கையால் செய்துகொள்ள வேண்டும்? இது சிக்கனமா, பொழுதுபோக்கா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும்தான், ஆனால் முதன்மையான காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தோன்றிய இந்தப் போட்டியை, 1987-இல் உருவான சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு நெறிப்படுத்தி வருகிறது. போட்டியாளர்கள் 19ஆம் நூற்றாண்டு உடையணிந்து, புனைபெயர் சூட்டிக்கொண்டு, இரண்டு ரிவால்வர்கள், நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன் ஆகியவற்றைக் கொண்டு இரும்புத் தகடுகளைச் சுடுவார்கள். தகடுகள் பெரியவை, தூரமும் அதிகமில்லை. எனவே குறி பார்ப்பதைக் காட்டிலும் நேரமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. தவறவிடும் ஒவ்வொரு குண்டுக்கும் 5 நொடி கூட்டப்படும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கியின் வாய் மேலே எகிறினால், அதை மீண்டும் தகட்டுக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் அரை நொடி போய்விடும். தேர்ந்தவர்கள் மொத்தச் சுற்றையும் 20 நொடிக்குள் முடிக்கும் ஆட்டத்தில் அரை நொடி என்பது பெரிய தொகை. போட்டிக்கென்றே உதை குறைந்த தோட்டாக்களை நிறுவனங்களும் விற்கின்றன. ஆயினும் தன் துப்பாக்கிக்கும் தன் கைக்கும் ஏற்ற அளவு வேண்டுமென்றால் தானே செய்துகொள்வதுதான் வழி. தோட்டாவின் விலையில் பெரும்பங்கு பித்தளைக் கூட்டுக்கே உரியது. குறைந்த அழுத்தத்தில் சுடப்படும் கூடு பலமுறை பயன்படும் என்பதால் சிக்கனமும் உண்மையே.

கேள்வி: அந்தக் காலத்துக் கௌபாய்கள் முழு மருந்திட்ட தோட்டாவைத்தானே சுட்டார்கள்? பழைய துப்பாக்கியை ஏந்திக்கொண்டு அதில் பட்டாசு போன்ற தோட்டாவை இடுவது வேடம் போடுவதாகாதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி, போட்டியாளர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. ஆனால் வரலாறு நீங்கள் நினைப்பதுபோல் ஒரே பக்கமாக இல்லை.

கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை அமெரிக்க இராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்டது. அதற்குரிய 45 கோல்ட் தோட்டாவில் 40 கிரெயின் (ஒரு கிரெயின் கிராமில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு) கரிமருந்தும், 250 கிரெயினை ஒட்டிய எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. சில ஆண்டுகளிலேயே இராணுவம் மருந்தின் அளவை 30 கிரெயினை ஒட்டிக் குறைத்துவிட்டது. குதிரைமேல் அமர்ந்து ஒற்றைக் கையால் சுடும் சாதாரணச் சிப்பாய்க்கு முழு அளவின் உதை மிகை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1875-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் ஸ்கோஃபீல்டு ரிவால்வரும் படைக்கு வந்து சேர்ந்தது. அதன் சிலிண்டர் (தோட்டாக்கள் அமரும் உருளை) குட்டை; ஆகவே தோட்டாவும் குட்டை; மருந்து 28 கிரெயின், குண்டு 230 கிரெயின். இந்தக் குட்டைத் தோட்டா கோல்ட் ரிவால்வரிலும் நுழையும், ஆனால் கோல்ட் தோட்டா ஸ்கோஃபீல்டில் நுழையாது. இரண்டு துப்பாக்கிகளும் கலந்து கிடந்த முகாமுக்குத் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிய இராணுவம், இரண்டுக்கும் பொதுவாகக் குட்டைத் தோட்டாவையே வழங்கத் தொடங்கியது. ஆக, 1870-களின் குதிரைப்படை வீரன் தன் கோல்ட் ரிவால்வரில் சுட்டது பெரும்பாலும் உதை குறைந்த தோட்டாதான்.

மேலும், அக்காலத்தில் எல்லோரும் 45-ஐயே வைத்திருந்ததாகத் திரைப்படங்கள் ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டன. வின்செஸ்டர் 1873 ரைபிளோடு பிறந்த 44-40 தோட்டா பரவலாக விற்றது. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா போதும் என்ற வசதிக்காகக் கோல்ட் நிறுவனமும் தன் ரிவால்வரை அந்த அளவில் செய்து தந்தது. அடுத்து வந்த 38-40, 32-20 ஆகிய தோட்டாக்களில் பின்னது இன்றைய கணக்கிலும் மிக மென்மையானது. 45 கோல்ட் தோட்டாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் லீவர் ரைபிளே கிடையாது என்பதும் குறிப்பிடத்தக்கது. அதன் பின்விளிம்பு மெலிந்திருந்ததால் ரைபிளின் கொக்கி அதைப் பற்றி இழுக்கத் தடுமாறும். இன்று கடைகளில் கிடைக்கும் 45 கோல்ட் லீவர் ரைபிள்கள் யாவும் பிற்காலச் சரக்கு. வேடம் என்று குறைசொல்வதானால், முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

அதே வேளையில் உங்கள் கடுமையில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. சில போட்டியாளர்கள் குறைத்துக்கொண்டே போய், குண்டு தகட்டில் பட்டதா என்பதே கேட்காத நிலைக்குப் போனார்கள். அதனால்தான் விதியில் ஒரு கீழ்வரம்பு வைக்கப்பட்டது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 60-க்குக் குறையக்கூடாது. வேகமும் நொடிக்கு 400 அடிக்குக் கீழே போகக்கூடாது. மேல்வரம்பும் உண்டு: ரிவால்வருக்கு நொடிக்கு 1,000 அடி, ரைபிளுக்கு 1,400 அடி. தகட்டில் பட்டுத் தெறிக்கும் துணுக்குகளை எண்ணி, செம்பு உறையில்லாத ஈயக் குண்டுக்கு மட்டுமே அனுமதி. எடுத்துக்காட்டாக, 125 கிரெயின் குண்டு 500 அடி வேகத்தில் போனால் 62.5 கிடைக்கும், தேறிவிடும். அதே குண்டு 460 அடியில் போனால் 57.5, தேறாது.

கேள்வி: உதை எதைப் பொறுத்தது? மருந்தையா, குண்டின் எடையையா? எண்களோடு விளக்குவீர்களா? (சேலம், இயற்பியல் ஆசிரியர்)

பதில்: உந்தம் காக்கப்படுகிறது என்ற விதியை வகுப்பில் நீங்கள் நடத்தியிருப்பீர்கள், இங்கே வேறொன்றுமில்லை. கிரெயின் என்பது 0.0648 கிராம். 250 கிரெயின் குண்டு சுமார் 16.2 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு பவுன் நகையின் எடை. அது நொடிக்கு 850 அடி, அதாவது சுமார் 259 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் உந்தம் 4.2 கிலோகிராம் மீட்டர்/நொடி. துப்பாக்கி 1.1 கிலோ என்று கொண்டால், அது பின்னோக்கி நொடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் கையைத் தள்ளும். ஆற்றல் சுமார் 8 ஜூல். இதற்குப் பதிலாக அதே எடையுள்ள துப்பாக்கியில் 125 கிரெயின் குண்டை 650 அடி வேகத்தில் செலுத்தினால் உந்தம் 1.6 ஆகவும், உதையின் ஆற்றல் சுமார் 1.2 ஜூல் ஆகவும் இறங்கிவிடும். உந்தம் நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கும்போது ஆற்றல் ஏழில் ஒரு பங்காகிறது. ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே காரணம்.

இந்தக் கணக்கில் மருந்தின் எடையை விட்டுவிட்டேன். இன்றைய புகையில்லா மருந்தில் அதனால் பெரிய பிழை வராது. அக்காலத்துக் கரிமருந்தில் வரும். 40 கிரெயின் கரிமருந்து 2.6 கிராம், அதுவும் வாயுவாகவும் புகையாகவும் குழல்வாய் வழியே வெளியேறுவதால் அதற்கும் ஓர் உந்தம் உண்டு. குண்டும் வேகமும் ஒன்றாகவே இருந்தாலும் கரிமருந்துத் தோட்டா சற்றுக் கூடுதலாக உதைப்பது இதனால்தான்.

கேள்வி: நான் 45 கோல்ட் ரிவால்வர் ஒன்றை வாங்கி, இலேசான குண்டுக்கு மருந்து நிறுவனத்தின் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவு மருந்திட்டுச் சுட்டேன். கூடுகள் ஒரு பக்கம் கறுத்து வருகின்றன. ஒரே அளவு மருந்திட்டும் வேகமானி ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைக் காட்டுகிறது. குறை துப்பாக்கியிலா, என் தராசிலா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: இரண்டிலும் இல்லை. குறை அந்தக் கூட்டின் வயிற்றில் இருக்கிறது.

45 கோல்ட் கூடு 40 கிரெயின் கரிமருந்தைக் கொள்ளுமாறு 1870-களில் வடிவமைக்கப்பட்டது. கரிமருந்தை இடும்போது குண்டின் அடிப்பகுதி மருந்தின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். நடுவே காற்றிடைவெளி இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. புகையில்லா மருந்து எடைக்கு எடை பன்மடங்கு வீரியமானது. எனவே போட்டிக்குரிய இலேசான தோட்டாவில் அது கூட்டின் அடியில் ஒரு சிறு குவியலாகவே கிடக்கும். மீதி முழுவதும் வெற்றிடம். தோட்டா படுக்கைவாட்டில் இருக்கும்போது மருந்து பக்கச்சுவரில் பரவிக் கிடக்கிறது. உறையிலிருந்து ரிவால்வரை உருவுகிறீர்கள். வாய் கீழ்நோக்கியிருப்பதால் மருந்து முன்னே சரிந்து குண்டின் அடியில் போய்ச் சேர்கிறது. கூட்டின் அடியில் முதல் தீப்பொறியைத் தரும் பிரைமரின் தீ அந்த இடைவெளியைக் கடந்து சென்று மருந்தைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது, எரிதல் மந்தமாகிறது, வேகம் குறைகிறது. அதே தோட்டாவை, வாயை ஒருமுறை மேலே தூக்கிப் பின் மெல்ல இறக்கிச் சுட்டால் மருந்து பிரைமரை ஒட்டிக் கிடப்பதால் வேகம் கூடுகிறது. அடுத்தமுறை ஐந்து தோட்டாக்களை வாயைக் கீழே சாய்த்துவிட்டும், ஐந்தை மேலே தூக்கிவிட்டும் சுட்டு, இரண்டு சராசரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், நீங்கள் தேர்ந்த மருந்து அந்தக் கூட்டுக்குப் பொருந்தவில்லை என்று பொருள்.

கறுப்புக்கு வருவோம். சுடும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து சிலிண்டர் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வாயு பின்னே கசியாது. 45 கோல்ட் கூட்டின் சுவர் தடிப்பானது, குழாய்போல நேரானது. அழுத்தம் குறைவாக இருந்தால் அது முழுமையாக விரிவதில்லை. சூடான வாயு கூட்டின் வெளிப்புறம் வழியாகப் பின்னோக்கி ஒழுகி, வாயிலிருந்து அடிவரை கறுத்த தாரையாகப் படிகிறது. 44-40 கூட்டின் கழுத்து மெல்லியது. அதே அழுத்தத்திலும் அது நன்றாக விரிந்து அடைத்துக்கொள்ளும். கரிமருந்தை இன்றும் விடாத போட்டியாளர்கள் 44-40-ஐப் போற்றுவதற்கு இந்த மெல்லிய கழுத்தே காரணம். புகைக்கரி ரைபிளின் இயந்திரத்துக்குள் போவதில்லை.

தீர்வு என்ன? பலரும் செய்யும் தவறு குண்டையும் இலேசாக்கி மருந்தையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோவது. இலேசான குண்டு மருந்துக்கு எதிர்ப்பே காட்டாமல் கிளம்பிவிடுவதால் அழுத்தம் மேலும் விழுகிறது. 200 கிரெயின் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டுக்கு மாறி, கூட்டின் வாய்விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடித்து இறுக்கினால், உதை சற்றே கூடினாலும் எரிதல் சீராகும். எந்தக் குண்டுக்கு மாறினாலும் அந்த எடைக்குரிய அளவைக் கையேட்டில் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எண் செல்லாது.

மற்றொரு வழி, பருமன் மிகுந்த மருந்தைத் தேர்வது. இந்தத் தேவைக்கென்றே டிரெயில் பாஸ் என்றொரு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகி அமெரிக்காவில் விற்பனையாயிற்று. அதைக் கையில் கொட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் நடுவே துளையுள்ள குட்டி வளையமாக, குழந்தைகள் கோக்கும் பாசிமணிபோலத் தெரியும்; அதனால் குறைந்த எடையே கூட்டை நிறைத்துவிடும். வருந்தத்தக்க செய்தி, சில ஆண்டுகளாக அது கடைகளில் அரிதாகிவிட்டது. பழைய டப்பாவை யாராவது விற்க முன்வந்தால், மூடி திறக்கப்பட்டதா என்று பார்த்து, திறந்திருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது பெயர்ச்சீட்டில் உள்ள மருந்துதானா என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

மூன்றாவது, கூட்டையே குட்டையாக்குவது. ஸ்கோஃபீல்டு கூடும் அதனினும் குட்டையான கௌபாய் 45 ஸ்பெஷல் கூடும் இப்போது புதிதாகக் கிடைக்கின்றன. இரண்டும் உங்கள் ரிவால்வரில் நுழையும். இராணுவம் 1870-களில் கண்டுகொண்ட வழியும் இதுவே. ஆனால் அவற்றை 1873 மாதிரி ரைபிளில் இட எண்ணாதீர்கள். அந்த ரைபிளில் தோட்டாவைக் குழலுக்கு நேரே உயர்த்தும் தூக்குக்கட்டை ஒரு தோட்டாவின் நீளத்துக்கு அளந்து செய்யப்பட்டது. தோட்டா மிகக் குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் தலையும் உள்ளே நுழைந்து இயந்திரம் இறுகிவிடும்.

கேள்வி: மருந்தைக் குறைத்துத்தானே இடுகிறோம், இதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது? (டல்லாஸ் வாசகர்)

பதில்: இந்த எண்ணம்தான் ஆபத்து. வெற்றிடம் மிகுந்த கூட்டில் இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் வழியாது; சில மருந்துகளில் மூன்று மடங்குகூடக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடங்கிவிடும். 45 கோல்ட் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. பிற்கால ரிவால்வர் தோட்டாவான 357 மேக்னமுக்கு அது 35,000. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பழைய வகைத் தோட்டாவில் தவறுக்கு எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பது விளங்கும். கூடுகளை மரப்பலகைத் துளைகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கடித்துப் பார்ப்பது சோம்பல்பட்டு விடக்கூடிய வேலையன்று. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவுக்கலத்தில் மிஞ்சியதை உடனே அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். தொலைபேசி அடித்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் பாதியில் நின்ற கூடுகளைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மருந்து விழாமலே போனாலோ மிகவும் குறைந்தாலோ குண்டு குழலின் நடுவே சிக்கி நின்றுவிடும். ரைபிளின் குழல் நீளமானது, உராய்வு அதிகம். ரிவால்வரில் தப்பித்துக்கொண்ட தோட்டா அங்கே சிக்கலாம். வழக்கமான ஓசைக்குப் பதிலாக மொத்தையாக ஒரு சத்தம் கேட்டாலோ, கையில் உதையே தெரியாவிட்டாலோ, அடுத்த தோட்டாவைச் சுடாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிக்கிய குண்டின்மேல் அடுத்த குண்டு மோதினால் குழல் புடைக்கும் அல்லது கிழியும். வேகப் போட்டியில் விரல் தன்னிச்சையாக ஓடுவதால் இந்த நிறுத்தும் பழக்கத்தைப் பயிற்சியில்தான் ஏற்படுத்திக்கொள்ள முடியும்.

ரைபிளுக்கு இன்னுமொன்று: குழல்வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, ஒன்றின் முனை முன்னதன் பிரைமரைத் தொடும். கூர்முனைக் குண்டை அதில் ஒருபோதும் இடக்கூடாது; தட்டைமுனை மட்டுமே.

கேள்வி: சுற்றி வளைக்காமல், எத்தனை கிரெயின் மருந்து இடலாம் என்று எண்ணைச் சொல்லிவிடக் கூடாதா? (அதே வாசகர்)

பதில்: கூடாது. மருந்து நிறுவனங்கள் குண்டின் எடை, கூடு, பிரைமர் ஆகியவற்றைக் குறித்து, குறைந்தபட்சமும் உச்சமும் அச்சிட்ட கையேடுகளை வெளியிடுகின்றன. அவற்றின் குறைந்தபட்சத்துக்கும் கீழே போவது உங்கள் சொந்தச் சோதனையாகிவிடும். பத்திரிகையில் ஓர் எண் தவறாக அச்சானால் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடலாம். வெடித்த சிலிண்டருக்கு அது உதவாது.

கேள்வி: அசலான 1880-களின் கோல்ட் ரிவால்வரில் மிக இலேசான புகையில்லா மருந்துத் தோட்டாவைச் சுடலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். புகையில்லா மருந்துக்குத் தன் ரிவால்வர் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் உறுதியளித்ததே 1900-இல்தான். அதற்கு முந்தையவற்றின் உலோகம் கரிமருந்தின் அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டது. மொத்த அழுத்தம் குறைவாக இருந்தாலும் புகையில்லா மருந்தில் அது எழும் விதம் வேறு. இத்தாலியில் செய்யப்படும் புதிய மாதிரிகள் போட்டிக்குத் தாராளமாகப் போதும். அசலைக் கண்ணாடிப் பேழையில் வையுங்கள். சுட்டே ஆகவேண்டும் என்றால், துப்பாக்கி செய்வதில் தேர்ந்தவர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கரிமருந்து மட்டும். கரிமருந்து எரிந்தபின் பாதிக்கும் மேற்பட்ட எடை திடப்பொருளாக எஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட்டும் நீங்கள் சொல்லும் புகையில்லா மருந்தும் ஒன்றா? இந்தியாவில் இப்படி வீட்டில் தோட்டா செய்ய முடியுமா? (குன்னூர் வாசகர்)

பதில்: ஒரே குடும்பம். பிரான்ஸில் போல் வியேல் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டார். பிரிட்டனில் 1889-இல் உருவான கார்டைட், நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்து கயிறுபோல இழைகளாகப் பிழியப்பட்டது. ரிவால்வர் தோட்டாவுக்கான மருந்து பெரும்பாலும் மெல்லிய தகட்டுத் துகள்களாகவோ சிறு உருண்டைகளாகவோ வரும், விரைந்து எரிவதற்காக.

இரண்டாவது கேள்விக்கு: முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குப் போதாது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. தொழிலாக விற்பதற்குத் தேவை.

கேள்வி: என் கணவர் இந்த வேலையை வீட்டுச் சமையல் மேடையில் வைத்துச் செய்கிறார். குழந்தைகள் இருக்கும் வீடு. கவலைப்பட வேண்டுமா? (அரிசோனா வாசகி)

பதில்: ஆம், மருந்தைவிட ஈயத்துக்காக. சுட்ட கூட்டில் பிரைமரின் ஈயக் கசடு படிந்திருக்கும். கூடுகளைச் சுழல்கலத்தில் இட்டு மெருகேற்றும்போது அது தூசியாக எழும்பும். வேலையைக் கொட்டகைக்கோ தனி அறைக்கோ மாற்றச் சொல்லுங்கள். தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முடித்ததும் முகத்தையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே எதையும் உண்ண வேண்டும். அந்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை எளிதானது. குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒருமுறை செய்து பாருங்கள்.